நம்பர் போட்ட சட்டை

விடுதியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று, ஓர் உதறு உதறி, நடுவில் வந்து சேர வேண்டும். அன்று காலையில் அண்ணனும் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழை நாளில் லாண்டரிக்குள் சூடான துணியின் வாசமும் ஈரச் சுவரின் வாசமும் கலந்து வரும். அண்ணன் ஒவ்வொரு முறை என்னிடம் வந்து சேரும்போதும் என் கையிலிருந்த மூலைகளைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, மடிப்பை விரல் நுனியால் ஒருமுறை நீவினார்.

"தம்பி வேலைக்குப் புதுசா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அவர் கூடப் பிறந்தவன் நான். திருத்திப் பயனில்லை என்று எப்போதோ விட்டுவிட்டேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. முன்னாடி ஒரு பொண்ணு நிக்குது பாரு, அதுகிட்ட ரொட்டி கேளு. நான் சொன்னேன்னு சொல்லு, குடுக்கும். நல்ல பொண்ணு. யாரு பெத்ததோ."

அந்தப் பொண்ணு அவருடைய மருமகள். கடைசி விரிப்பை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, அவர் கையில் ஒரு டம்ளர் தேநீரைக் கொடுத்துவிட்டு, நான் மாடியிலிருந்த என் அறைக்குப் போனேன். அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் கடையில் நின்று நான் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் அந்த லாண்டரி அண்ணனுடையது. முன்னால் துணி வாங்கும் மேசை. அடுத்து இஸ்திரி மேசைகள். அதற்கும் பின்னால் பாய்லரும் சலவை இயந்திரமும். கடைசியில் சந்துக்குப் போகும் கதவு. பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று, என் மனைவியும் போன பிறகு, "மேல ரூம் சும்மாத்தானே கெடக்கு, வந்து கெட" என்று அண்ணன்தான் கூட்டி வந்தார். அவருடைய வீடு இரண்டு சந்து தள்ளி. அங்கே அவரும் மருமகளும் மட்டும்தான். அண்ணனின் மகன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தபோது மருமகள் தன் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வந்து கடையைத் திறந்தாள். அதைச் சிலர் தைரியம் என்றார்கள். சிலர் வேறு மாதிரி சொன்னார்கள். அண்ணனின் மகள் எதுவும் சொல்லவில்லை. அவள் தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் வங்கி வேலையில் இருந்தாள்.

கடையில் அண்ணன் வைத்த சட்டம் சில உண்டு. துணி உள்ளே வந்ததும் முதலில் கழுத்துப் பட்டியைத் தொட வேண்டும். அங்கே எண் எழுதிய சின்னத் துண்டு, அதாவது நம்பர் துணி, இல்லையென்றால் அது சோதிக்காத துணி. பாக்கெட், ஓரம், மடிப்பு எல்லாவற்றிலும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கிடைப்பது சாவியானாலும் பல் குத்தும் குச்சியானாலும் மேசைமேல் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். சோதித்து முடித்ததும் கழுத்துக்கு உள்பக்கம் ஒரு நம்பர் துணியைக் குத்த வேண்டும். நம்பர் துணி இருந்தால் பிறகு யாரும் அதைக் குடையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நம்பர் போட்ட துணி நம் உடம்பில் ஏறக் கூடாது. 

அண்ணனின் மச்சினன் ஒருவன் முன்பு கடையில் வேலை பார்த்தான். ஒரு வாடிக்கையாளரின் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டான். பந்தியில் குனிந்து பரிமாறிய பெரியவர் அவன் கழுத்தைப் பார்த்து, "தம்பி, நம்பர் வெளிய தெரியுது" என்றாராம். கோட்டே அவருடையதுதான். மறுநாள் அண்ணன் மச்சினனை வேலையை விட்டு நிறுத்தினார். அண்ணி எவ்வளவோ அழுதும் அவர் இறங்கவில்லை. "அவன் திருடியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றார். அண்ணி சாகும்வரை அந்தத் தம்பி இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

மறதி நோய் முதலில் எண்களில்தான் வந்தது. கல்யாணப் பெண்ணின் உடையைக் காவலர் ஒருவரிடமும், அவருடைய சீருடையைக் கல்யாண வீட்டிலும் கொடுத்தனுப்பினார். சிரித்துவிட்டோம். பிறகு ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போனவர் மீன் சந்தையில் நின்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மகள் ஒரு வார விடுப்பில் வந்தாள். வரும்போதே ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அதற்குள் பொத்தான் அளவில் ஒரு கருவி இருந்தது. உடுப்பில் வைத்துத் தைத்துவிட்டால் ஆள் எங்கே இருக்கிறார் என்பது போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். கூடவே ஒரு செயலி. மாத்திரை நேரம் சொல்லும். சாப்பிட்டாரா, குளித்தாரா, தூங்கினாரா என்று கேட்கும். மருமகள் அழுத்தி அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். அது மகளின் போனிலும் தெரியும்.

"உங்களுக்கு உதவியா இருக்கும் அண்ணி" என்றாள் மகள், மருமகளிடம். "எத்தனை நேரந்தான் கண்ணு கொட்டாமப் பாத்துட்டிருப்பீங்க?"

"உதவிக்குன்னா சந்தோஷம். வேவுக்கு இல்லையே?"

"மடியில கனம் இருந்தாத்தானே பயம்."

"என் மடியில என்ன இருக்கு? ஊசியும் நூலும்தான் இருக்கு. குடுங்க, தைக்கறேன்."

போனிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது. நல்ல தமிழில், பிசிறே இல்லாமல். "வணக்கம். இது மாத்திரை நேரம்."

அண்ணன் எழுந்து நின்று கை கூப்பினார். "வாங்கம்மா. துணி கொண்டு வந்தீங்களா?"

"மாத்திரை கொடுத்துவிட்டீர்களா?"

"துணியக் காட்டுங்க, கறை இருக்கான்னு பாக்கறேன்" என்றவர், என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "இந்தம்மா எங்க உக்காந்து பேசுது? சம்பளம் யாரு குடுக்கறா?"

ஊருக்குக் கிளம்பும்முன் மகள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். குரல் உயரவில்லை. "சித்தப்பா, நான் சுத்தி வளைக்கல. மழைக்காலம் முடியற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அப்பா இன்னொரு தடவை தொலைஞ்சாருன்னா, இல்ல இவங்களால முடியலன்னு எனக்குத் தோணுச்சுன்னா, எங்க ஊர்ல ஒரு இல்லம் இருக்கு. கூட்டிட்டுப் போயிடுவேன்."

மகள் போன பிறகு மருமகள் என்னிடம் சொன்னாள். "சின்ன மாமா, என் வீட்டுக்காரர் போட்டுத் தேய்ஞ்ச செருப்பக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல. அவர்னு மிஞ்சியிருக்கறது மாமா மூஞ்சியில இருக்கற அந்த மூக்கு மட்டுந்தான். அதையும் ஏதோ ஒரு இல்லத்துல கொண்டு போய் வெக்கணுமா?"

வாரம் ஒன்று போனது. மகளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"சித்தப்பா, அப்பா ஏன் நேத்தெல்லாம் கடையிலயே இருந்தாரு?"

"கடையிலயா? சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டாரேம்மா."

"இல்ல. விடிய விடியக் கடையிலதான் காட்டுச்சு. நேத்து மட்டுமில்ல, முந்தாநாளும். அவரப் பூட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போறாங்களா?"

"சேச்சே, என்னம்மா பேச்சு இது."

"பேச்சு இல்ல சித்தப்பா, போன்ல இருக்கு."

போனை வைத்த பிறகு நானும் யோசித்தேன். அண்ணன் சாயங்காலம் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் திரும்புவதைத்தான் நான் மாடியிலிருந்து பார்ப்பேன். திருப்பத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? இப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் காலையில் கடைக்கதவைத் திறப்பதற்கு முன்னால் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே குழாய் சொட்டும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அண்ணன் வழக்கம்போல வீட்டிலிருந்து வந்தார். சட்டை ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். கருவி இல்லை. தையல் சுத்தமாகப் பிரிந்திருந்தது.

மருமகள் என் கையைப் பார்த்துவிட்டாள். "என்ன தேடறீங்க சின்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"அவங்க சொல்லித்தானே தேடறீங்க? கேட்டா நானே சொல்லுவேனே. நானும் ரெண்டு நாளாத் தேடிட்டிருக்கேன். தச்சுத் தச்சு வெக்கறேன், காணாமப் போகுது. நீங்கதான் எடுக்கறீங்களோன்னுகூட நெனச்சேன்."

"நானா? எனக்கெதுக்கு?"

"என்னைக் கெட்டவளாக்க."

இஸ்திரி போடுகிறவனை நாங்கள் நீராவி என்றுதான் கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் கொதித்துவிடுவான். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தோம். இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தான். "வந்துட்டீங்களா என்கிட்ட? ஊருக்கு இளைச்சவன் நான்தானே! அந்தப் பொத்தானை வெச்சு நான் என்ன பண்ண, என் பொண்டாட்டி ஜாக்கெட்டுல தச்சு விடவா? அவ எங்க போறான்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும், போனாப் போதும்னு இருக்கேன்!"

அண்ணன் அவனைக் கண்டித்தார். "வாடிக்கைக்காரங்க முன்னாடி குடும்பத்தப் பேசாதடா." அவர் சொன்ன வாடிக்கைக்காரர்கள் நாங்கள்தான்.

கருவி கிடைத்தது கிண்ணத்தில். யாரோ கேட்டு வராத சாவிகள், ஒற்றைக் காதுத்தோடு, ஒரு சீப்பு, இவற்றுக்கு நடுவே கிடந்தது. அதை மறுபடி தைத்துவிட்டு, வேலை செய்வதுபோல நின்று நானும் மருமகளும் கவனித்தோம். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதலில் கை பின்கழுத்துக்குப் போனது. பட்டிக்குள் தடவியது. நம்பர் இல்லை. பிறகு விரல்கள் பாக்கெட்டுக்குள் போய் வந்தன, பக்கத் தையலில் இறங்கின, ஓரத்தில் ஊர்ந்தன. கருவி இருந்த இடத்தில் நின்றன. அவர் கண்கள் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மேசையிலிருந்த தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தார். நூல் தெறித்தது. எழுந்துபோய்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகளிடம் சொன்னேன்.

"சித்தப்பா, அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியல. அன்னிக்கு நான்தானே போட்டு விட்டேன். அவர் தையல் பிரிச்சாருன்னு சொல்றீங்க?"

"கண்ணால பாத்தேம்மா."

"யாரு காட்டினாங்க?"

வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று முயன்றோம். போனைத் தூக்கிப் பிடித்த உடனே அண்ணன் முதுகை நிமிர்த்தி, தலைமுடியைக் கோதிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். அப்படி எடுத்த படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே முகம்.

பச்சைப் புள்ளி கடையிலேயே நின்றது. செயலியில் மருமகள் 'தூங்கினார்' என்று அழுத்தினால், புள்ளி கடையில் விழித்திருந்தது. மகள் அடுத்தமுறை பேசியபோது இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருப்பதாகச் சொன்னாள். அதை மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவளே என் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் முட்டையை அவித்து, உரித்து, அண்ணனுக்குத் துண்டு துண்டாக ஊட்டினாள். போன் குரல், "நீங்கள் மிகச் சிறப்பாகக் கவனித்துக்கொள்கிறீர்கள். இன்று உங்களுக்காகச் சிறிது நேரம் ஒதுக்குங்கள்" என்றது. "எதுலருந்து ஒதுக்க?" என்று அதனிடம் கேட்டாள். பிறகு எழுந்து, பழைய நம்பர் துணிகள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து ஒன்றைப் பொறுக்கினாள்.

"சின்ன மாமா, சோதிச்சதைத் திரும்பச் சோதிக்க மாட்டாருல்ல?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "அவர் சட்டைக்கு நம்பர் போடப் போறியா?"

"கழுத்துக்குள்ள. அவர் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்."

அது பலித்தது. அண்ணனின் கை பின்கழுத்துக்குப் போகும், நம்பர் துணியைத் தொடும், இறங்கிவிடும். அவ்வளவுதான். சில சமயம் கை இறங்கிய பிறகு முகம் மட்டும் லேசாகச் சுருங்கும், ஏதோ கணக்கு உதைப்பதுபோல. நானும் பார்த்தேன், மருமகளும் பார்த்திருப்பாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. புள்ளி காலையில் வீட்டிலிருந்து கடைக்கு வந்தது, சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்குப் போனது. மகள் போனில், "இப்பத்தான் ஒழுங்கா இருக்கு" என்றாள். "அப்போ முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க சித்தப்பா." மருமகள் நிம்மதியாகக் கூட்டத்தைக் கவனித்தாள். முன்பெல்லாம் ஒரு துணியை வாங்கினால் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பாள். இப்போது மேசைமேல் இருந்த போனைப் பார்த்தால் போதும் என்றானது.

மழை நாளில் லாண்டரியில் கூட்டம் அதிகம். வீட்டில் துணி காயாது. நாங்கள் விரிப்பு மடித்த அன்றும் அப்படித்தான். முன்னால் குடையும் மூட்டையுமாக ஆட்கள். மருமகள் நம்பர் குத்திக்கொண்டே இருந்தாள். நான் மாடியில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு இறங்கி வந்தபோது மதியம் திரும்பியிருந்தது.

"அண்ணன் எங்க?"

"உள்ளதான்" என்று அவள் போனை என் பக்கம் திருப்பினாள். பச்சைப் புள்ளி கடைமேல் இருந்தது.

உள்ளே ஸ்டூல் காலியாக இருந்தது. காலித் தேநீர் டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. பாய்லருக்குப் பின்னால் பார்த்தேன், கழிப்பறையில் பார்த்தேன். சந்துக் கதவு திறந்திருந்தது. மழை உள்ளே அடித்துத் தரையில் தேங்கியிருந்தது.

நீராவி மலங்க மலங்க விழித்தான். "இங்கதான் இருந்தாரு. மேசையில நின்னு ஒரு சட்டை தேச்சாரு."

"யாரு சட்டை?"

"யாருக்குத் தெரியும்? அவர் தேய்க்கறது புதுசா?"

"அவர் மேல சட்டை இருந்துச்சா?"

"பாய்லர் பக்கம் நிக்கறவன் மேல சட்டையப் பத்திக் கேக்கறீங்க! நானே வெறும் உடம்போடதானே நிக்கறேன்."

மருமகள் கம்பியில் தொங்கிய துணிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நம்பர் வரிசையில் அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. அண்ணனின் நீலச் சட்டை. மார்புப் பக்கம் தேநீர்க் கறையை எடுத்த ஈரம் இன்னும் காயவில்லை. மற்ற இடமெல்லாம் கத்திபோல இஸ்திரி. ஓரத்தில் கருவி தைத்தபடியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் கிடைத்தார். அவர் பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது மரக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அதை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கிப் பல காலமாகிறது. அதன் சுவரோரம் வெற்று உடம்போடு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். காவல்காரர் எவ்வளவு கூப்பிட்டும் கூரைக்குள் வரவில்லையாம். மருமகள் தன் சால்வையைப் போர்த்தினாள். குளிரில் அவர் பற்கள் கிட்டியிருந்தன.

"சட்டை இல்லாம எப்படிம்மா உள்ள வர்றது? வீட்டுல ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வரலாம்னு பாத்தா வீட்டக் காணோம்."

மறுநாளே காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். மகள் வந்தாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். பிறகு வராந்தாவில் எங்களை நிறுத்தி வைத்துப் போனை நீட்டினாள்.

"நான் அன்னிக்கு அஞ்சாறு தடவை பாத்தேன். காலையிலருந்து இருட்டற வரைக்கும் அப்பா கடையில இருந்தாரு. கடைக்குள்ள இருந்த மனுஷன் எப்படி நனைஞ்சாரு?"

"சட்டையைக் கழட்டி வெச்சிட்டுப் போயிட்டாரு" என்றாள் மருமகள்.

"எதுக்கு?"

சொன்னால் நம்புகிற மாதிரியா இருக்கிறது அது?

"எதுக்குன்னு கேட்டேன் அண்ணி. பின்பக்கம் கொண்டு போய்த் தண்ணி ஊத்தினீங்களா? ஏதாவது அசிங்கம் பண்ணிட்டாரா, கோவத்துல வெளிய நிக்க வெச்சீங்களா? சொல்லிடுங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல? ரூம் பாத்து வெச்சிருந்தேனே."

"நீராவியக் கேளுங்க. அவன் பாத்தான்."

"உங்க கையில கூலி வாங்கறவன். நீங்க சொல்றதைத்தான் சொல்வான்."

"அம்மா, நான் இருந்தேனே" என்றேன்.

"நீங்க மாடியில தூங்கிட்டிருந்தீங்க சித்தப்பா."



மருமகளை அன்று அறைக்குள் விடவில்லை. மகளே பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சூப் வாங்கிக்கொண்டு போனபோது கதவு பாதி திறந்திருந்தது. அண்ணன் கண் விழித்திருந்தார். மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பேசினார். மூச்சு இடறி இடறி வந்தது.

"அம்மா, உங்க வீட்டுச் சட்டைதான் அது. எப்படியோ தெரியாமப் போட்டுக்கிட்டேன். தேத்தண்ணி வேற கொட்டிடுச்சு. கறையை எடுக்கலாம்னு கழட்டினாத்தான் தெரியுது, நம்பர் இருக்கு. கைகால் ஓடலம்மா."

மகள் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"கறை சுத்தமாப் போயிடுச்சு. தேச்சு, அது எடத்துலயே மாட்டிட்டேன். வேற யாருக்கும் சொல்லிடாதீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு, வெளியூர்ல பெரிய வேலை. அவ காதுக்குப் போக வேணாம். அப்பன் யோக்கியன்னு நெனச்சிட்டிருக்கா."

"போகாது" என்றாள் மகள். "நான் சொல்ல மாட்டேன். நீங்க தூங்குங்க."

சூப் ஆறும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் கடைக்கு வந்தாள். கம்பிக்கு நேரே போனாள். நீலச் சட்டையை எடுத்து, கழுத்தை மடித்து, உள்ளே பார்த்தாள். மருமகள் இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நீராவி, வெளியில் வேலை இருப்பதுபோலப் போய்விட்டான்.

"இந்த நம்பரை யாரு வெச்சது?"

"நான்தான்."

"எதுக்கு வெச்சீங்க?"

"அவர் பொத்தானைப் பிரிக்காம இருக்க."

"நம்பர் போட்ட சட்டைய அப்பா மேல போட்டு விட்டீங்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க மாமாவ எதுக்கு வெளிய அனுப்பினாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? எனக்கு அப்ப நாலு வயசு, எனக்கே தெரியும். எல்லாத்தையும் மறந்தாலும் அப்பா அதை மறக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"அவர் பாக்க மாட்டாருன்னு நெனச்சேன். நீங்க பாப்பீங்கன்னு தெரியும்." மருமகள் மேசையில் இருந்த போனைக் கையால் தொடாமல் கண்ணால் காட்டினாள். "அந்தப் புள்ளி வீட்டுக்கு வரலேன்னா நீங்க அவரக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. எனக்கு வேற வழி தெரியல. உங்களுக்கு நல்லவளாத் தெரியணும்னு அவரப் பாக்கறத விட்டுட்டேன். அதுதான் நான் பண்ணது. பூட்டி வெக்கல. தண்ணி ஊத்தல. அன்னிக்கு நிமிந்து பாக்கல. அவ்வளவுதான்."

மகள் சட்டையை மடித்தாள். ஒருமுறை மடித்ததைக் கலைத்துவிட்டு மறுபடி மடித்தாள். "நானும்தான் அஞ்சாறு தடவை பாத்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. சட்டையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"வாங்க. இன்னும் என்ன தேச்சிட்டு நிக்கறீங்க? உங்களைத்தான் கேக்கறாரு. அந்த ரொட்டி குடுக்கற பொண்ணு எங்கன்னு."

மருமகள் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து ஊட்டினாள். இரண்டு வாய் உள்ளே போனது. அந்த வார முடிவில் அண்ணன் போய்விட்டார். மழை அப்போதும் விடவில்லை.

வீட்டில் கூடியிருந்த உறவுக்காரர்கள் கிசுகிசுத்தார்கள். கடைக்காகத்தான் என்றார் ஒருவர். மழையில் நிறுத்தி வைத்தாளாம் என்றாள் ஒருத்தி. பிறகு யாரோ மகளிடமே வந்து, "உனக்குத் தெரியாததா? போன்லயே எல்லாம் வந்துச்சாமே" என்று கொக்கி போட்டார்கள்.

மகள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள். "அப்பா தன்னோட சட்டையத் தேடிப் போனாரு. வழி தெரியல. வேற ஒண்ணுமில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அண்ணி காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல, யாராவது பாருங்க" என்றாள்.

கொக்கி போட்டவர் எழுந்துபோய் ரொட்டி கொண்டுவந்தார். மருமகள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் கடையைக் கேட்கவில்லை. செயலியைத் தன் போனிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மருமகள் கடையை நடத்துகிறாள். நீராவி அதே கொதிப்போடு இருக்கிறான். துணி குவிந்தால் நானும் இறங்கிப்போய்க் கை கொடுக்கிறேன். மகள் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். மழையா, கூட்டமா, அண்ணி இளைச்சுப் போயிட்டாங்களா, பல்வலி போச்சா என்று எல்லாம் கேட்கிறாள். போன வாரம் கேட்டபோது மருமகள் எனக்கு எதிரே நின்று துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கா. குடுக்கட்டுமா?"

"வேணாம் சித்தப்பா. சும்மாதான் கேட்டேன்."

மருமகளின் நம்பர் அவளிடம் இருக்கிறது. போன் இன்னமும் எனக்குத்தான் வருகிறது.